1880-ல் கெமிஸ்ட் ஆவது எப்படி? மருந்துக்கடை, கல்லூரி, ஜெர்மனி, ஆலை: எந்த வழி யாருக்கு

குடிநீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தேன். 'கெமிஸ்ட்' என்று சொன்னதும் பக்கத்து வீட்டுப் பாட்டி தன் சர்க்கரை மாத்திரைச் சீட்டை எடுத்து வந்து நீட்டினார். அவர்மேல் தப்பே இல்லை. நம் ஊர் மருந்துக்கடைப் பலகைகளைப் பாருங்கள். 'கெமிஸ்ட்ஸ் அண்ட் டிரக்கிஸ்ட்ஸ்' என்று இன்றைக்கும் எழுதியிருக்கும். அந்தப் பெயரை மருந்துக்கடைக்காரருக்கென்று சட்டத்தில் எழுதி வைத்தது 1868-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம். சோதனைக்குழாயும் தராசுமாக வேலை செய்கிறவர்களுக்கு அதன் பிறகு அந்தப் பெயர் முழுசாகத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

இந்தக் கட்டுரை ஒரு வாசகியின் கேள்வியிலிருந்து வந்தது. விக்டோரியா காலத்து மான்செஸ்டரில் நடக்கும் நாவல் ஒன்றை அவர் எழுதிக்கொண்டிருக்கிறார். கதை தொடங்கும் வருடம் 1880. சின்ன மளிகைக்கடைக்காரர் ஒருவருக்கு 17 வயதில் மகன், 16 வயதில் மகள். இரண்டு பேருக்கும் வேதியியல் பைத்தியம். "இவங்களை நான் எங்கே படிக்க அனுப்பணும்? படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுது. ஒருத்தர் மருந்துக்கடையில ஆரம்பிச்சு பேராசிரியர் ஆகியிருக்கார், ஒருத்தர் ஜெர்மனி போயிருக்கார், ஒருத்தர் பட்டமே வாங்காம கோடீஸ்வரர் ஆகியிருக்கார்" என்று எழுதியிருந்தார். இதே குழப்பத்தை வகுப்பில் மாணவர்களும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எனவே அந்த மளிகைக்கடைக்காரர் நம் எதிரே உட்கார்ந்து யோசனை கேட்கிறார் என்றே வைத்துக்கொண்டு பார்ப்போம்.

## எதை வைத்து அளப்பது

முதலில் பணம். கட்டணம் மட்டுமல்ல, சம்பளம் வராத வருடங்களும் இதில் சேரும். மளிகைக்கடைக்காரருக்கு இரண்டாவதுதான் பெரிய செலவு.

அடுத்தது கைப்பழக்கம். வேதியியலைப் புத்தகத்தில் படித்துப் பாஸ் செய்துவிடலாம். ஆனால் பியூரெட்டின் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) கடைசிச் சொட்டு எப்போது விழ வேண்டும் என்பது நூறு தடவை தப்பாக விட்ட பிறகுதான் விரலுக்குத் தெரியும். எந்த வழி பையனை எத்தனை மணி நேரம் ஆய்வு மேசை முன்னால் நிறுத்துகிறது என்று கேட்க வேண்டும். நான் இதற்குத்தான் அதிக மதிப்பெண் போடுவேன், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது பெயர். பட்டத்தைச் சட்டம் மதிக்கிறதா, நீதிமன்றம் மதிக்கிறதா, ஆலை முதலாளி மதிக்கிறாரா என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். அந்தக் காலத்தில் மூன்றுக்கும் 'ஆம்' என்று பதில் தந்த ஒற்றைப் பட்டம் கிடையாது.

கடைசியாக, வாசல் யாருக்குத் திறந்திருந்தது. லத்தீன் தெரியாதவருக்கு உண்டா? பெண்ணுக்கு உண்டா?

ஆக்ஸ்ஃபோர்டையும் கேம்பிரிட்ஜையும் நான் சேர்க்கவில்லை. அங்கே மதக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் நீங்கியதே 1871-ல்தான். அதோடு, வேதியியலைப் பிழைப்பாக எடுத்துக்கொள்ள நினைத்தவர்கள் போன இடங்களும் அவை அல்ல.

## மருந்துக்கடை வழி

மளிகைக்கடைக்காரருக்கு முதலில் தோன்றும் வழி இதுதான். ஊரிலேயே கடை இருக்கிறது. மகனைச் சில வருடம் ஒப்பந்தம் போட்டு அங்கே பழகுநராகச் சேர்த்துவிடலாம். முதலாளிக்கு முன்பணம் கட்ட வேண்டியிருக்கும். அதன்பின் பையன் தொழிலைக் கற்றுக்கொள்வான் என்பது நம்பிக்கை.

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் பலிக்கும் என்பதற்கு எட்வர்ட் ஃப்ராங்க்லாண்டைவிடச் சிறந்த சாட்சி இல்லை. அவர் 1840-ல் லங்காஸ்டரில் ஒரு மருந்துக்கடையில் பழகுநராகச் சேர்ந்தார். கல்வத்தில் அரைப்பதும் மூட்டை தூக்குவதுமாக ஆறு வருடக் கடும் உழைப்பு. பொட்டலத்தை அழகாகக் கட்டத் தெரிந்ததைத் தவிர அதில் தனக்கு ஒரு பயனும் கிடைக்கவில்லை என்று பிற்பாடு எழுதினார். நல்ல வேளையாக, அந்த ஊரில் இருந்த ஒரு மருத்துவர் இளைஞர்களுக்காகச் சின்ன ஆய்வகம் ஒன்றை அமைத்துக் கொடுத்திருந்தார். ஃப்ராங்க்லாண்டுக்கு வேதியியல் வந்தது அங்கிருந்துதான், கடையிலிருந்து அல்ல. இவர்தான் ஓர் அணு எத்தனை அணுக்களோடு இணையும் என்று சொல்லும் வேதியிணைப்புத் திறன் (வேலன்சி) என்ற கருத்துக்கு 1852-ல் அடித்தளம் போட்டவர், பிறகு நாட்டின் குடிநீரையே சோதித்துச் சொன்னவர். பின்னால் வரும் பகுதிகளிலும் இவரைச் சந்திப்போம்.

ஃப்ராங்க்லாண்டின் காலத்துக்கும் 1880-க்கும் நடுவில் ஒரு முக்கியமான மாற்றம் வந்துவிட்டது. அது வந்ததற்கான காரணங்களில் ஒன்று, படிக்கவே மனம் பதறும் ஒரு சம்பவம்.

1858 அக்டோபர், பிராட்ஃபோர்ட். மிட்டாய் செய்கிற ஒருவர் சர்க்கரைச் செலவைக் குறைக்க ஜிப்சம் மாவு கலப்பது வழக்கம். அன்றைக்கும் அதை வாங்கிவர மூன்று மைல் தள்ளி இருந்த மருந்துக்கடைக்கு ஆள் அனுப்பினார். கடைக்காரர் உடம்பு சரியில்லாமல் படுக்கையில் இருந்தார். கடையில் நின்றது வேலைக்குப் புதிதாக வந்த உதவியாளன். பொருள் எங்கே என்று முதலாளியிடம் கேட்டு, மேலே போய், மூலையில் இருந்த பீப்பாயிலிருந்து 12 பவுண்டு வெள்ளைப் பொடியை அள்ளிக் கொடுத்துவிட்டான். அது ஆர்சனிக். மிட்டாய் சந்தையில் விற்றது. சுமார் 20 பேர் இறந்தார்கள், 200 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். வழக்கில் யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. பயிற்சி இல்லாத கை விஷத்தைத் தொடக் கூடாது என்று எந்தச் சட்டமும் அப்போது சொல்லவில்லை.

1868 மருந்தகச் சட்டம் அதைச் சொன்னது. பதிவு பெற்றவர்கள் மட்டுமே 'கெமிஸ்ட் அண்ட் டிரக்கிஸ்ட்' என்று பலகை மாட்டலாம். பட்டியலில் உள்ள விஷப் பொருள்களை அவர்கள்தான் விற்கலாம். பதிவு வேண்டுமானால் மருந்தாளர் சங்கத்தின் 'மைனர்' தேர்வில் தேற வேண்டும். 1841-ல் தொடங்கிய சங்கம் அது. லண்டன் புளூம்ஸ்பரி சதுக்கத்தில் அவர்கள் நடத்திய பள்ளியை மாணவர்கள் 'சதுக்கம்' என்றே கூப்பிடுவார்கள். மைனருக்கு மேலே 'மேஜர்' தேர்வு. அதில் தேறினால் 'ஃபார்மசூட்டிக்கல் கெமிஸ்ட்' என்ற உயர்ந்த பெயர் கிடைக்கும்.

எனவே 1880-ல் இந்த வழிக்குப் பெயர் பலம் உண்டு. இந்த ஒப்பீட்டிலேயே சட்டம் முழுசாகக் காவல் நிற்கும் ஒரே பட்டம் இதுதான். கைப்பழக்கம் கடையைப் பொறுத்தது. நல்ல முதலாளி கிடைத்தால் கஷாயம் இறக்குவது, வடிப்பது, எடை போடுவது எல்லாம் வரும். மோசமான முதலாளி என்றால் ஃப்ராங்க்லாண்டின் பொட்டலம்தான்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள் இங்கே நிறைய. பழகுநராகும்போதே எழுத வேண்டிய முதல்நிலைத் தேர்வில் லத்தீன் உண்டு. மளிகைக்கடைக்காரர் வீட்டில் லத்தீன் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? தனியாக ஆசிரியர் வைக்க வேண்டும். மைனர் எழுத 21 வயது ஆக வேண்டும். கடை நேரமோ நீளம், படிப்பு இரவில்தான். கடைசி நேரத்தில் டுட்டோரியலில் சேர்ந்து மனப்பாடம் செய்து தேறுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குத் தேர்வு முடிந்ததும் பாடமும் மறந்து போகும். அத்தனையும் முடிந்த பிறகு சொந்தக் கடைக்கு முதல் வேண்டும். அது இல்லாவிட்டால் இன்னொருவர் கடையில் உதவியாளராகவே காலம் போகும்.

நாலு காசு நிலையாக வர வேண்டும், ஊரை விட்டுப் போக முடியாது, கடை நடத்தும் சுபாவம் இருக்கிறது என்றால் இது நல்ல வழி. புதியதைக் கண்டுபிடிக்க ஆசைப்படும் பையனை இங்கே அனுப்பாதீர்கள்.

## கல்லூரி வழி: லண்டனும் மான்செஸ்டரும்

1845-ல் லண்டனில் ராயல் வேதியியல் கல்லூரி தொடங்கியது. ஜெர்மனியிலிருந்து 27 வயது வேதியியலாளர் ஹோஃப்மனை வரவழைத்து இயக்குநர் ஆக்கினார்கள். நாற்காலியில் உட்கார்ந்து உரை கேட்பதைவிட மேசை முன்னால் நின்று வேலை செய்வதே படிப்பு என்ற பழக்கம் இங்கிலாந்தில் பெரிய அளவில் வேர் பிடித்தது இங்கேதான்.

வில்லியம் பெர்கின் 1853-ல் 15 வயதில் இங்கே வந்தார். பள்ளியில் வேதியியல் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் நடக்கும். சாப்பாட்டை விட்டுவிட்டு அதற்குப் போன பையன் அவர். அப்பா கட்டடத் தொழில் செய்தவர், மகன் கட்டடக் கலைஞன் ஆக வேண்டும் என்று விரும்பினார். 1856 ஈஸ்டர் விடுமுறையில் பெர்கின் வீட்டு மாடியில் மலேரியாவுக்கான கொய்னா மருந்தைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தார். கிடைத்தது ஒரு கறுப்புக் கசடு. வேறொருவர் என்றால் கழுவிக் கொட்டியிருப்பார். பெர்கின் அதை ஆல்கஹாலில் கரைத்துப் பார்த்தார், ஊதா நிறம் எழுந்தது. உலகத்தின் முதல் பெரிய செயற்கைச் சாயம் பிறந்தபோது அவருக்கு 18 வயது. கல்லூரியை விட்டுச் சாய ஆலை வைக்கப் போகிறேன் என்றதும் ஹோஃப்மனுக்குப் பிடிக்கவில்லை. மகனின் ஆசையை எதிர்த்த அதே அப்பா தன் சேமிப்பை எடுத்துக் கொடுத்தார்.

(அவர் தேடிய அதே கொய்னாவுக்காக நீலகிரியில் சின்கோனா மரங்களை நட்டார்கள். பட்டையில் எவ்வளவு மருந்துச் சத்து இருக்கிறது என்று சோதிக்க 1866-ல் ஜான் பிராட்டன் என்ற வேதியியலாளரை ஊட்டிக்கு அனுப்பினார்கள். மான்செஸ்டர் பையன் ஒருவனுக்குக் கப்பலேறும் வேலையும் காத்திருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.)

ஹோஃப்மன் 1865-ல் பெர்லினுக்குத் திரும்பிவிட்டார். அவர் இடத்துக்கு வந்தது யார் தெரியுமா? பொட்டலம் கட்டிய ஃப்ராங்க்லாண்ட். கல்லூரி 1872-ல் தெற்கு கென்சிங்டனுக்கு மாறியது.

இந்த வழியில் கைப்பழக்கத்துக்கு முழு மதிப்பெண். பெயரில்தான் இடிக்கிறது. ராயல் வேதியியல் கல்லூரி பட்டம் கொடுக்கும் இடமல்ல. வெளியே வரும்போது கையில் இருப்பது பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம். ஹோஃப்மன் எழுதிய கடிதத்துக்கு ஆலைகளில் மதிப்பு உண்டு. ஆனால் அவர் ஊருக்குப் போன பிறகு? ஒரு மனிதரின் பெயரில் நிற்கும் படிப்புக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. கல்லூரியின் பண நிலைமையும் அப்படித்தான். வயலுக்கு உடனே பலன் வரும் என்று நம்பிச் சந்தா கொடுத்த நிலக்கிழார்கள், பலன் வராததால் கையை இழுத்துக்கொண்டார்கள். 1853-ல் அரசின் சுரங்கப் பள்ளியோடு சேர்த்துத்தான் அதைக் காப்பாற்ற முடிந்தது.

நம் மளிகைக்கடைக்காரருக்கு லண்டனைவிட அருமையான இடம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது: ஓவன்ஸ் கல்லூரி. 1851-ல் தொடங்கியபோது அதன் முதல் வேதியியல் பேராசிரியரும் ஃப்ராங்க்லாண்ட்தான். 1857-லிருந்து ஹென்றி ரோஸ்கோ. 1873-ல் புதுக் கட்டடம், புது ஆய்வகம். 1874-ல் ஷோர்லெம்மர் கரிம வேதியியலுக்கே தனிப் பேராசிரியர் ஆனார், இங்கிலாந்தில் அப்படி ஒரு பதவி அதுதான் முதல். பையன் வீட்டிலிருந்தே நடந்து போய் வரலாம். தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் இல்லை. 1880-ல் கதை தொடங்குவது இன்னும் வசதி, ஏனென்றால் அந்த வருடம்தான் விக்டோரியா பல்கலைக்கழகம் பிறந்து ஓவன்ஸ் அதில் சேர்ந்தது. அதற்கு முன்பு பட்டம் வேண்டுமென்றால் லண்டன் பல்கலைக்கழகத் தேர்வுதான் வழி. லண்டன் தேர்வை எங்கே படித்தவரும், வீட்டில் படித்தவரும்கூட எழுதலாம். 1860-லிருந்து பி.எஸ்சி. உண்டு, 1878-லிருந்து பெண்களுக்கும் பட்டம் உண்டு. ஆனால் 1880-ல் ஓவன்ஸ் வாசல் பெண்ணுக்குத் திறக்கவில்லை, இன்னும் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்.

## ஜெர்மனி வழி

பிளஸ் டூ ஆய்வகத்தில் சால்ட் அனாலிசிஸ் செய்தவர்களுக்கு அழுகிய முட்டை நாற்றம் மறந்திருக்காது. முதல் தொகுதி, இரண்டாம் தொகுதி என்று வரிசையாக அயனிகளைப் பிரித்துக்கொண்டே போவோமே, அந்த முறையைப் பாடநூலாக ஒழுங்குபடுத்தியவர்களில் முக்கியமானவர் ஃப்ரெசீனியஸ். 1841-ல் அவருடைய பண்பறி பகுப்பாய்வு நூல் வந்தது. பிறகு அவர் கீஸனில் லீபிக்கிடம் உதவியாளராக இருந்தார். 1824-ல் லீபிக் கீஸனில் தொடங்கிய ஆய்வகம்தான் பிற நாட்டு மாணவர்களை ஜெர்மனிக்கு இழுத்தது.

அங்கே நடந்ததைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கருவியைப் பார்த்தால் போதும். ஐந்து கண்ணாடிக் குமிழ்கள், முக்கோணமாக வளைத்த குழாய், உள்ளே பொட்டாஷ் கரைசல். கரிமப் பொருளை எரித்தால் வரும் கார்பன் டை ஆக்சைடு இந்தக் குமிழ்கள் வழியாகப் போகும்போது கரைசல் அதை உறிஞ்சிக்கொள்ளும். முன்னும் பின்னும் எடை போட்டால் பொருளில் எத்தனை கார்பன் என்று கணக்கு வந்துவிடும். லீபிக் 1831-ல் இதைச் செய்தார். அதுவரை பெரிய மேதைகள் மட்டும் திணறித் திணறிச் செய்த கார்பன் பகுப்பாய்வை, பயிற்சி பெற்ற மாணவன் எவனும் செய்ய முடிந்தது. முதலில் தெரியாத உப்புகளைக் கண்டுபிடி, பிறகு அளந்து சொல், பிறகு நீயே ஒரு பொருளைத் தயாரி, கடைசியில் உனக்கென்று ஒரு ஆய்வு. படிப்படியான இந்த ஏணி இங்கிலாந்தில் அப்போது யாரிடமும் இல்லை.

ஃப்ராங்க்லாண்ட் 1849-ல் மார்பர்கில் டாக்டர் பட்டம் வாங்கினார், ரோஸ்கோ 1854-ல் ஹைடல்பெர்கில் புன்சனிடம். பிரிட்டனில் பிஎச்.டி. என்ற பட்டமே 1917 வரை வரவில்லை. ஆகவே ஆராய்ச்சிப் பட்டம் வேண்டுமென்றால் கடல் கடக்கத்தான் வேண்டும்.

1880-ல் கீஸனின் பொற்காலம் முடிந்துவிட்டது. லீபிக் 1852-லேயே மியூனிக் போய்விட்டார், 1873-ல் காலமானார். இப்போது போய்ப் படிக்க வேண்டியது பெர்லினில் ஹோஃப்மனிடம், மியூனிக்கில் பேயரிடம். நாவலாசிரியைக்கு ஒரு தகவல்: பெர்கினுடைய மூத்த மகன், அப்பாவின் பெயரையே கொண்டவர், தெற்கு கென்சிங்டனில் படித்துவிட்டுச் சரியாக 1880-ல்தான் வூர்ட்ஸ்பர்குக்குக் கிளம்பினார். 1882-ல் பட்டம், அடுத்து மியூனிக்கில் பேயரிடம். செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தவரே தன் மகனை ஜெர்மனிக்கு அனுப்பினார் என்றால் அந்தக் காலத்தில் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று தெரிகிறது. அந்த மகன் 1892-ல் ஓவன்ஸ் கல்லூரிப் பேராசிரியராக மான்செஸ்டருக்கே வந்தார்.

செலவு? கல்விக் கட்டணத்தைவிட மொழிதான் பெரிது. ஜெர்மன் தெரியாமல் போனால் முதல் ஆறு மாதம் உரை எதுவும் தலைக்குள் போகாது. வீட்டை விட்டு இருக்கும் செலவு தனி. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சில ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் ஊருக்கு வராதவருக்கும் பணம் வாங்கிக்கொண்டு டாக்டர் பட்டம் அனுப்பி வைத்தன. 1876-ல் வரலாற்றாசிரியர் மாம்சன் இதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். எனவே கதவில் 'ஜெர்மன் டாக்டர்' என்று பலகை இருந்தால், விஷயம் தெரிந்தவர்கள் எந்த ஊர், யாரிடம் என்று அடுத்த கேள்வி கேட்பார்கள். உண்மையாகவே மூன்று வருடம் நின்று உழைத்தவனுக்கும் அந்தச் சந்தேகத்தின் நிழல் விழும்.

கண்டுபிடிக்க வேண்டும், பேராசிரியர் ஆக வேண்டும், சாய ஆலையின் ஆராய்ச்சி மேசைக்குப் போக வேண்டும் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் நேரே போகக் கூடாது. இரண்டு மூன்று வருடம் ஓவன்ஸில் கை பழகிவிட்டுப் போனால்தான் பணம் வீணாகாது.

## ஆலை வழியும் மாலை வகுப்பும்

17 வயதில் சம்பளம் கொண்டுவந்தே ஆக வேண்டிய வீடுகள் உண்டு. அவர்களுக்கு இருந்தது இது ஒன்றுதான்.

லங்காஷயர் சோடா ஆலைகள் ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவைக் காற்றில் விட்டு ஊரையே கருக்கின. 1863 ஆல்கலி சட்டம் அந்த வாயுவில் 95 சதவீதத்தைப் பிடித்து அடக்க வேண்டும் என்றது. கண்காணிக்க வந்த முதல் தலைமை ஆய்வாளர் ராபர்ட் அங்கஸ் ஸ்மித், கீஸனில் லீபிக்கிடம் படித்தவர். சட்டம் வந்ததும் ஆலைகளுக்கு வாயுவைச் சோதிக்க ஆள் தேவைப்பட்டது. சலவைத் தூளின் வீரியம், சோடாவின் தூய்மை என்று நாள் முழுக்க அளந்துகொண்டே இருக்கும் வேலை. பையன்களை எடுத்தார்கள்.

கை வேகம் நன்றாக வரும், ஆனால் ஒரே ஆறு சோதனைகளில்தான். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்காது. அதற்குத்தான் அரசின் அறிவியல் கலைத் துறையின் மாலை வகுப்புகள். அங்கே தேறிய மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆசிரியருக்குப் பணம். ஆகவே பல ஊர்களில் சோதனைக்குழாயைத் தொடாமல் கரும்பலகையிலேயே வேதியியல் நடந்தது. ஆலையில் கை இருக்கும், காரணம் இருக்காது. வகுப்பில் காரணம் இருக்கும், கை இருக்காது. இரண்டையும் தனக்குள் ஒட்ட வைக்கிற பையன் அபூர்வம்.

அப்படி ஒருவர் கார்னீலியஸ் ஓ'சலிவன். அயர்லாந்தில் மாலை வகுப்பில் படித்து, உதவித்தொகை வென்று 1862-ல் லண்டன் சுரங்கப் பள்ளிக்கு வந்தார். ஹோஃப்மனின் கண்ணில் பட்டார். பிறகு பர்ட்டன் ஊரின் பாஸ் மதுவடிப்பாலையில் வேதியியலாளர் ஆகி, மாவுச்சத்து எப்படிச் சர்க்கரையாகிறது என்பதில் முக்கியமான ஆய்வுகள் செய்தார். லூட்விக் மாண்ட் கதை வேறு மாதிரி. மார்பர்கிலும் ஹைடல்பெர்கிலும் படித்தும் பட்டம் வாங்கவில்லை, 1873-ல் கூட்டாளி ப்ரன்னரோடு ஆலை தொடங்கிப் பெரும் செல்வர் ஆனார். இதைக் காட்டி 'பட்டம் வேண்டாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாண்ட் வாங்காமல் விட்டது காகிதத்தை மட்டும்தான், அங்கே பேராசிரியர்கள் கோல்பேயிடமும் புன்சனிடமும் பெற்ற பயிற்சியை அல்ல.

மாலை வகுப்புத் தேர்வில் தொடர்ந்து முதல் வகுப்பு வாங்கும் பையனுக்கு இந்த வழி உதவித்தொகைக்கான ஏணி. மற்றவர்களுக்கு இருபது வருடம் கழித்தும் அதே ஆறு சோதனைகள்.

## மேலே குத்தும் முத்திரை: இன்ஸ்டிடியூட் ஆஃப் கெமிஸ்ட்ரி

இது தனி வழி அல்ல. கல்லூரி அல்லது ஜெர்மனி வழியில் போனவர் கடைசியில் தன்மேல் குத்திக்கொள்ளும் முத்திரை. ஆனால் தெரியாமல் இருந்தால் வாசகி கதையில் பெரிய பிழை வந்துவிடும்.

1875 உணவு மருந்து விற்பனைச் சட்டப்படி, வாங்கிய பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று யாரும் அரை கினிக்குள் கட்டணம் கொடுத்து, உள்ளூர் நிர்வாகம் நியமித்த பொதுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். அவர் கையெழுத்துப் போட்ட அறிக்கையை வைத்துப் பால்காரர்மேல் வழக்கு நடக்கும். எதிர்த்தரப்பு மறுத்தால் மாதிரி அரசு ஆய்வகமான சாமர்செட் ஹவுஸுக்குப் போகும். அங்கே முடிவு மாறி வந்தால் பகுப்பாய்வாளரின் பெயர் ஊர் முழுக்கச் சந்தி சிரிக்கும். இந்தக் கையெழுத்தைப் போடும் தகுதி யாருக்கு? பலர் பெயருக்குப் பின்னால் எஃப்.சி.எஸ். என்று போட்டார்கள். அது வேதியியல் சங்க உறுப்பினர் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. சில உறுப்பினர்கள் முன்மொழிந்து, தேர்ந்தெடுத்து, சந்தா கட்டினால் கிடைப்பது. தேர்வே இல்லை. 1880-ல் யாராவது அதைத் தகுதி என்று காட்டி ஆலோசனைக் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஆல்டர் ரைட் போன்றவர்கள் குரல் கொடுத்தார்கள். 1877 அக்டோபர் 2 அன்று இன்ஸ்டிடியூட் பிறந்தது. முதல் தலைவர்? மறுபடியும் ஃப்ராங்க்லாண்ட். மூன்று வருட முறையான பயிற்சி இருந்தால் அசோசியேட், மேலும் மூன்று வருடம் தொழில் அனுபவம் இருந்தால் ஃபெல்லோ. பிறகு செய்முறைத் தேர்வும் சேர்ந்தது. 1885-ல் அரசப் பட்டயம் கிடைத்தது. ஆனால் சட்டக் காவல் கிடைக்கவில்லை. 'கெமிஸ்ட்' என்ற சொல் ஏற்கனவே மருந்துக்கடைக்குப் போய்விட்டது, 'அனலிட்டிக்கல் கெமிஸ்ட்' என்று யாரும் பலகை மாட்டலாம். நீதிமன்றத்திலும் நகரசபையிலும்தான் இந்த முத்திரைக்கு மெல்ல மெல்ல எடை கூடியது.

| வழி | பணம் | கைப்பழக்கம் | பெயர் | தெரியாமல் வரும் விலை |
|---|---|---|---|---|
| மருந்துக்கடை | முன்பணம், பிறகு சொந்தக் கடைக்கு முதல் | முதலாளியைப் பொறுத்தது | சட்டமே காவல் | லத்தீன், நீண்ட கடை நேரம் |
| கல்லூரி | நடுத்தரம், உள்ளூர் என்றால் குறைவு | மிக நன்று | பேராசிரியரின் பெயரோடு ஏறி இறங்கும் | சம்பளம் இல்லாத மூன்று வருடம் |
| ஜெர்மனி | அதிகம் | மிக நன்று, ஆராய்ச்சியும் உண்டு | கல்வியுலகில் உச்சம் | மொழி, போலிப் பட்டங்களின் நிழல் |
| ஆலை, மாலை வகுப்பு | வருமானம் உண்டு | குறுகியது | மிகக் குறைவு | வளர்ச்சி நின்றுபோவது |

## அண்ணனுக்கும் தங்கைக்கும்

அண்ணனை ஓவன்ஸுக்கு அனுப்பச் சொல்வேன். மூன்று வருடம் ரோஸ்கோவின் ஆய்வகத்தில் நிற்கட்டும். வீட்டில் சாப்பாடு, நடந்து போகும் தூரம். அப்போதும் சாயத்தின் மேல் கண் இருந்தால், ஷோர்லெம்மரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு மியூனிக் போகலாம். பாலையும் தண்ணீரையும் சோதிக்கும் தொழில் பிடித்தால் இன்ஸ்டிடியூட் தேர்வு எழுதட்டும். முதல் வருடத்திலேயே மளிகைக்கடை நொடித்தால் ஆலைச் சம்பளமும் மாலை வகுப்பும்தான். நாவலுக்கு ஒருவேளை அதுவே நல்ல கதையாக இருக்கலாம்.

தங்கைக்கு என் பதில் வேறு. அண்ணனை அனுப்பாதீர்கள் என்று சொன்ன மருந்துக்கடை வழிதான் அவளுக்கு 1880-ல் மிகப் பெரிதாகத் திறந்திருக்கும் வாசல். 1873-ல் ஆலிஸ் விக்கரி மைனர் தேர்வில் தேறினார். பல வருடப் போராட்டத்துக்குப் பின் 1879-ல் இசபெல்லா கிளார்க்கையும் ரோஸ் மின்ஷலையும் மருந்தாளர் சங்கம் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. வேதியியல் சங்கமோ 1920 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. லத்தீனுக்கு இப்போதே ஆசிரியர் வையுங்கள், மைனர் முடித்து மேஜர் எழுதட்டும்.

அங்கிருந்து ஆய்வகத்துக்குப் போக முடியுமா என்று வாசகி கேட்பார். லூசி பூல் போனார். கணிதமேதை ஜார்ஜ் பூலின் மகள், சிறு வயதிலேயே தந்தையை இழந்து வறுமையில் வளர்ந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. புளூம்ஸ்பரி சதுக்கத்தில் படித்து 1888-ல் மேஜர் தேறினார், லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் வேதியியல் கற்பித்தார். 1892-ல் எமிலி லாயிட் இன்ஸ்டிடியூட்டின் முதல் பெண் அசோசியேட் ஆனார். இரண்டு வருடம் கழித்து, முதல் பெண் ஃபெல்லோ லூசி பூல். உங்கள் கதையில் தங்கைக்கு அப்போது 30 வயது.